பொன்மொழி வழக்கம்: அதன் பயனும் குறையும்

அன்பு, சிந்தனை, மேதைமை, மனிதரின் ஊக்கம் ஆகிய பெரும்பொருள்களைப் பற்றிச் சான்றோர் சொன்னவற்றிலிருந்து ஓரிரு வரிகளைப் பிரித்தெடுத்து, நாட்காட்டித் தாளிலும் பள்ளிக் கரும்பலகையிலும் பேருந்தின் உட்புறத்திலும் எழுதிவைப்பதைப் பொன்மொழி வழக்கம் எனலாம். தமிழில் இவ்வழக்கம் மிகுதியாக எடுத்தாண்ட நூல் திருக்குறள் என்பதால், வழக்கத்தின் நிறைகுறைகளை அந்நூலைக் கொண்டே எடைபோடுவது பொருந்தும்.

முதற்பயன் நினைவு பற்றியது. ஏழு சீர்களில் அடங்கும் குறளை ஒருமுறை மனப்பாடம் செய்தவர் எளிதில் மறப்பதில்லை. பெங்களூரின் தொம்மலூர், அல்சூர்ப் பகுதிகளில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்து வளரும் பிள்ளைகளுக்கு முழு நூலும் எட்டாமற்போனாலும், தாயோ தாத்தாவோ சொல்லிக்கொடுத்த சில குறள்களேனும் எட்டுகின்றன. இரண்டாம் பயன், மொழி எல்லையைக் கடக்கும் ஆற்றல். 1991 முதல் 18 ஆண்டுகள் மூடிவைக்கப்பட்டிருந்த அல்சூர்த் திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துக் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டது. சுருங்கச் சொல்லி விளங்கவைத்த இருவரையும் இரு மாநிலங்களும் தம் உறவின் அடையாளமாகக் கொண்டன.

ஆயினும் இவ்விருவர் நூல்களின் அமைப்பு ஒன்றன்று. திரிபதி எனப்படும் சர்வக்ஞரின் மூவடிப் பாடல் தனித்து நிற்க வல்லது. குறளோ, பத்துப் பத்தாக அதிகாரத்தில் கோக்கப்பட்டு, பால் என்னும் பெரும்பிரிவுக்குள் நிற்பது. ஊழைவிட வலியது எதுவுமில்லை என்னும் கருத்துடைய 380ஆம் குறளை மட்டும் படிப்பவர் வள்ளுவரை விதிக் கொள்கையினர் என்று கொள்வார். தளராது முயல்பவர் ஊழையும் தோற்று ஓடச்செய்வர் என்னும் கருத்துடைய 620ஆம் குறளை மட்டும் படிப்பவர் அதற்கு நேர்மாறாகக் கொள்வார். மனித முயற்சியின் எல்லை எது என்ற கேள்விக்கு நூல் இரு முனைகளிலிருந்தும் விடை தேடுகிறது என்பது, இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கே புலனாகும்.

தனித்துப் பிரிப்பதால் வரும் இக்குறை காதல் பற்றிய குறள்களில் இன்னும் கூடுகிறது. 250 குறள்கள் கொண்ட காமத்துப்பால், தலைவன், தலைவி, தோழி முதலியோர் பேசும் கூற்றுகளாக அமைந்தது. இன்ன குறள் இன்னார் கூற்று என்று திருக்குறள் உரையாசிரியர் பரிமேலழகர் குறித்துச் செல்கிறார். பிரிவால் வருந்தும் ஒருத்தியின் சொல்லை அவளிடமிருந்து பிரித்து மேற்கோளாக்கினால், அந்த வேளையின் துயரம் எக்காலத்துக்கும் உரிய அறிவுரையாகத் திரிந்துவிடுகிறது.

மற்றொரு குறை, மேதையின் பெயர் பெறும் செல்வாக்கு. வள்ளுவர், ஐன்ஸ்டைன், அப்துல் கலாம் ஆகியோரின் பெயரைக் கண்டதும் கீழுள்ள வாக்கியம் ஆராயப்படாமலே ஏற்கப்படுகிறது. அவர்கள் சொல்லாதனவும் அவர்கள் பெயரால் உலவுகின்றன. சொன்னவர் யாராயினும் சொன்னதன் உண்மையைக் காண்பதே அறிவு என 423ஆம் குறள் வகுத்த நெறியைப் பொன்மொழி வழக்கம் தலைகீழாக்குகிறது என்பதே இதன் மீது சாட்டத்தக்க வலுவான குற்றம்.

சுருக்கமாகவும் முழுமையாகவும் சொல்ல முடியும் என்பதற்குத் தொம்மலூரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலில் ஒய்சள மன்னன் வீர இராமநாதன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு உள்ளது. ஊர் வருவாயிலிருந்து இறைவனுக்கு விடப்பட்ட கொடையைக் கூறும் அந்தச் சிறிய வாசகம், கொடுத்தவரையும் கொடையையும் அது வரும் வழியையும் ஒன்றாகச் சேர்த்தே பொறித்தது. சுருக்கம் குற்றமன்று, சூழலிலிருந்து பிரிப்பதே குற்றம் என்பதற்கு அது சான்று. ஆகவே கைவிட வேண்டியது பொன்மொழி வழக்கம் அன்று. குறளோடு அதிகாரத்தின் பெயரையும் எண்ணையும் எழுதுவதும், காமத்துப்பாலாயின் பேசுபவரைக் குறிப்பதும், கரும்பலகையில் ஓர் அதிகாரத்தைப் பத்துப் பள்ளி நாட்களில் முழுமையாக எழுதி முடிப்பதும் அதனைத் திருத்தப் போதுமானவை. இவ்வாறு செய்தால், ஒரு குறளைக் கற்ற பிள்ளை அடுத்த ஒன்பதையும் தேடிச் செல்லும். அத்தேடலைத் தூண்டும் அளவுக்கே பொன்மொழி மதிப்புடையது.