‘ஐந்து வெள்ளிகள்’ சரியா?

சுவா சூ காங்கில் என்னிடம் படிக்கும் மாணவி ஒருத்தி பயிற்சித்தாள் ஒன்றைக் காட்டினாள். ‘என்னிடம் ஐந்து வெள்ளி இருக்கிறது’ என்று எழுதியிருந்தாள். ‘ஐந்து வெள்ளிகள் இருக்கின்றன’ என்று சிவப்பு மையில் திருத்தம், மதிப்பெண்ணும் போயிற்று. “கடையில நாம அப்படித்தானே டீச்சர் சொல்றோம்?” என்றாள். நியாயமான கேள்வி.

அந்தத் தாளில் நல்லவை உண்டு. 2013இல் வெளிவந்த நாணய வரிசையின் படங்கள் இருக்கின்றன: 5, 10, 20, 50 காசு, ஒரு வெள்ளி. ‘டாலர், சென்ட்’ என்று எழுதாமல் நம் ஊர்ச் சொற்களையே ஆண்டிருக்கிறார்கள். இலக்கண விதியில்தான் சறுக்கல்.

‘ஒன்றுக்கு மேல் எண் வந்தால் கள் சேர்க்க’ என்பது அவர்களின் விதி. ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். தமிழில் அஃறிணைப் பெயர் ‘கள்’ இல்லாமலே பன்மையையும் உணர்த்தும். மாடு வந்தது, மாடு வந்தன. இதைத்தான் பால்பகா அஃறிணைப் பெயர் என்று படிக்கிறோம்.

பணத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. வெள்ளி, காசு என்பவை எண்ணோடு வரும்போது தொகையைக் குறிக்கின்றன. நாணயம் என்பது கையில் இருக்கும் பொருள். ஆகவே:

மூன்று இருபது காசு நாணயங்கள் இருக்கின்றன. மொத்தம் அறுபது காசு இருக்கிறது.

முதல் வாக்கியத்தில் பொருளை எண்ணுகிறோம், பன்மை வருகிறது. அடுத்ததில் தொகையைச் சொல்கிறோம், ஒருமை போதும். காசு என்பதே நாணயத்தைக் குறித்தால் ‘பழைய காசுகள்’ எனலாம், தவறில்லை.

உடைமைப் பகுதியிலும் இதே அவசரம். ‘பத்துக் காசின் நாணயம்’ என்று விடை தந்திருக்கிறார்கள். இங்கே உடைமையே இல்லை. எவ்வகை நாணயம் என்பதுதான் செய்தி. ‘பத்துக் காசு நாணயம்’ என்பதே வழக்கு. அம்மாவின் காசு, நாணயத்தின் ஓரம், வெள்ளியின் மதிப்பு ஆகிய இடங்களில் ‘இன்’ பொருந்தும்.

தேர்வெழுதும் மாணவர்கள் ஒன்றை நினைவில் வைத்தால் போதும்: தொகையா, பொருளா என்று முதலில் கேளுங்கள். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டிலும் கடையிலும் பிள்ளை சரியாகப் பேசும் தமிழைத் தாளில் தவறென்று அடித்தால், அடுத்த முறை அவள் வாய் திறக்கவே தயங்குவாள். அந்த மதிப்பெண்ணை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.