பண்டகசாலையில் ஒரு படகு

தக்கலை வட்டாரத்தில் வாழ்வோர்க்குப் பத்மநாபபுரம் அரண்மனை அண்டை வீடு போன்றது. பழங்கட்டடம் என்றால் அதனைச் செப்பனிட்டு, இருந்தபடியே பேணிக் காட்டுவதே முறை என்று நாமும் எண்ணியிருந்தோம். 2013-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கொச்சிக் கோட்டைக்குச் சென்று ஆஸ்பின்வால் மாளிகையைக் கண்டபோது அவ்வெண்ணம் ஆட்டங்கண்டது.

1867-இல் ஜான் ஆஸ்பின்வால் என்னும் ஆங்கில வணிகர் தொடங்கிய நிறுவனத்தின் அலுவலகங்களும் கிடங்குகளும் அடங்கிய கடலோர வளாகம் அது. மிளகும் இஞ்சியும் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் அங்கிருந்து கப்பலேறின. பின்னர் தனியார் உடைமையாய் இருந்த அவ்விடத்தில், 2012 டிசம்பர் 12-இல், கொச்சி-முசிறிஸ் பியனாலே எனும் ஈராண்டுக் கலைக்காட்சி முதன்முறையாகத் திறக்கப்பட்டது. உருவங்கள் நிறைந்த இடமாயிற்றே என்று உடன்வந்த மௌலவி ஒருவர் வாயிலிலேயே தயங்கினார். அத்தயக்கத்தை நாம் இகழவில்லை. நமக்கும் அது இருந்தது. ஆயினும் நம்மை நெடுநேரம் நிறுத்திவைத்த இரு படைப்புகளில் மனித உருவம் எதுவும் இல்லை.

ஒன்று, 2023-இல் மறைந்த விவான் சுந்தரம் அமைத்த ‘கறுப்புத் தங்கம்’. பண்டைய முசிறி இருந்த இடமென ஆய்வாளர் பலர் கருதும் பட்டணத்தில் அகழ்ந்தெடுத்துக் கழித்த பானைச் சில்லுகளால் ஒரு நகரத்தையே அவர் படைத்திருந்தார். நீரும் மிளகுமணிகளும் அந்நகரைச் சூழ்வதைத் திரையிலே காட்டினார். மிளகு குவிந்து கிடந்த கிடங்கில் மிளகைக் கொண்டே பேசிய அப்படைப்பை வேறோர் இடத்தில் வைத்துப் பார்க்க நம் மனம் ஒப்பவில்லை.

மற்றொன்று சுபோத் குப்தாவின் படகு. 20 மீட்டருக்கும் நீண்ட கேரளத்து மீன்பிடி படகில் கட்டில், நாற்காலி, வலை, மிதிவண்டி, சமையற்பாத்திரம், சன்னற்சட்டம் என ஒரு குடும்பத்தின் தட்டுமுட்டு அனைத்தும் அடுக்கப்பட்டிருந்தன. கலத்தையும் ஆற்றையும் பற்றிய அதன் தலைப்பு மௌலானா ரூமி (ரஹ்) அவர்களின் சிந்தனையிலிருந்து பெறப்பட்டதாம். ரஜப் மாதந்தோறும் பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சி ஓதக் கேட்டு வளர்ந்த தக்கலைவாசிக்கு, சிறு கலத்துள் பேரண்டம் அடங்குவதை விளக்க எவரும் வேண்டா. அரபியில் ‘ஸஃபீனா’ என்றால் கப்பல். பாடல்களைத் தொகுத்தெழுதும் ஏட்டிற்கும் முன்னோர் அப்பெயரையே இட்டனர். தொகுப்பு என்றால் தேர்வு வேண்டும். இப்படகிலோ தேர்வினும் திணிப்பே மிகுதி. பாதிப் பொருளை இறக்கியிருந்தால் மீதிப் பாதி இன்னும் உரக்கப் பேசியிருக்கும் என்பது நம் துணிபு.

எனினும், வெளியே துறைமுகத்தில் கப்பல்கள் நகர, உள்ளே அது அசைவற்று நின்ற காட்சி நம்மை வாட்டியது. வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய ஊரார் நாம். அந்தப் பெட்டிகளையும் பாத்திரங்களையும் வேற்றார் பொருளாகப் பார்க்க இயலவில்லை.

அதே ஆண்டில் அப்படகு இலண்டன் மாநகரின் கலைக்கூடமொன்றில் காட்சிக்கு வைக்கப்பட்டது. மிளகு சென்ற வழியே அதுவும் சென்றது. அங்கே வெண்சுவர்களுக்கிடையே அது என்ன பேசியிருக்கும் என்பது நம்மை இன்றும் உறுத்தும் வினா. கிடங்கின் சுவரோ வணிகர் பெயரை மட்டுமே தாங்கி நிற்கிறது. அங்கே மூட்டை சுமந்தவர் பெயர் ஒன்றையும் நாம் காணவில்லை.