ஜேக்கப் லாரன்ஸின் 60 ஓவியங்கள்

மரக்கிளையில் தொங்கும் ஒரு சுருக்குக் கயிறு. கீழே உடலைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓர் உருவம். கயிற்றில் உடல் இல்லை. ஜேக்கப் லாரன்ஸின் ‘புலம்பெயர்வு’ வரிசையில் இது 15ஆவது ஓவியம். அமெரிக்கத் தெற்கில் கறுப்பின மக்களைக் கும்பல் கூடித் தூக்கிலிட்டார்கள். அதைப் படமெடுத்து அஞ்சலட்டையாக விற்றவர்களும் இருந்தார்கள். இறந்தவர் மறுபடி வேடிக்கைப் பொருளாக இந்த ஓவியத்தில் இடமில்லை. துக்கத்துக்கு மட்டுமே இடமுண்டு.

முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்கின் ஆலை நகரங்களுக்கு ரயிலேறினார்கள். அப்படி வந்த பெற்றோருக்கு 1917இல் பிறந்தவர் லாரன்ஸ். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி நூலகத்தில் அந்த வரலாற்றைப் படித்துக் குறிப்பெடுத்து, 1941இல், தம் 23ஆம் வயதில் 60 பலகைகளையும் தீட்டி முடித்தார். ஒவ்வொன்றும் 12க்கு 18 அங்குலம்தான்.

அவர் வேலை செய்த முறை அழகானது. பலகைகளை ஒன்றாகப் பரப்பி வைத்து, ஒரு வண்ணத்தை அது தேவைப்படும் எல்லாவற்றிலும் பூசிய பிறகே அடுத்ததைத் தொடுவார். அடர்நிறங்கள் முதலில், வெளிர்நிறங்கள் கடைசியில். அதனால் 60 காட்சிகளும் ஒரே மூச்சில் சொன்ன கதையாகின்றன. 49ஆவது ஓவியத்தைப் பாருங்கள்: வடக்கத்தி உணவகம் ஒன்றில் வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்தபடி மஞ்சள் கயிறு வளைந்து வளைந்து ஓடுகிறது. கண்ணைப் பறிக்கும் பளிச்சென்ற நிறத்தையே அநீதிக்குக் கொடுத்திருக்கிறார்.

கறுப்பினக் கலைஞர்களுக்குக் கதவடைத்திருந்த நியூயார்க் ஓவியச் சந்தையில், 1941இல் ஈடித் ஹால்பர்ட் தம் ஓவியக் கூடத்தில் இவ்வரிசையைக் காட்சிக்கு வைத்தார். ஒற்றைப்படை எண்களை வாஷிங்டனின் ஃபிலிப்ஸ் கலெக்‌ஷனும், இரட்டைப்படை எண்களை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமும் வாங்கிக்கொண்டன.

லாரன்ஸைக் கலைஞராக வளர்த்து, அரசின் ஓவியர் வேலைத் திட்டத்தில் சேர்த்துவிட்டவர் சிற்பி அகஸ்டா சாவேஜ். 1923இல் பிரான்சின் ஃபோன்டென்ப்ளோ கோடைக் கலைப்பள்ளிக்கு விண்ணப்பித்தபோது, கறுப்பினப் பெண் என்பதற்காகவே அமெரிக்கத் தேர்வுக் குழு அவரை ஒதுக்கியது. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு அவர் வடித்த ‘ஹார்ப்’ என்னும் 16 அடிச் சாந்துச் சிற்பம், உலோகத்தில் வார்க்கப் பணமில்லாமல், கண்காட்சி முடிந்ததும் இடிக்கப்பட்டது. சுவரில் இடம்பிடித்த மாணவரை எவ்வளவு ரசித்தாலும் தகும். ஆனால், பாகுபாட்டால் கலையுலகம் எவ்வளவு இழந்தது என்று கணக்கெடுக்கும்போது, இனி யாரும் பார்க்க முடியாத ஆசிரியையின் சிற்பத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும்.