கண்டிச்சீமைப் பாட்டும் இரவல் மெட்டும்

மலையகத் தோட்டத் தொழிலாளர் தாம் வாழ்ந்த நாட்டைக் கண்டிச்சீமை என்றே பாடினர். அச்சீமையின் பாடல்களுள் ஆக்கியோர் பெயர் அறியப்பட்டவை மிகச் சில. மீனாட்சியம்மையார் 1940இல் வெளியிட்ட ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ அவற்றுள் குறிப்பிடத்தக்க சிறுநூல். தம் கணவர் கோ. நடேசையரோடு தொழிலாளர் கூட்டங்களுக்குச் சென்று அம்மையார் தம் பாடல்களைப் பாடினார்.

மெட்டு அவருடையதன்று, அக்காலத்தில் வழங்கிய பாடல்களிலிருந்து பெற்றது என்று குறை கூறல் எளிது. யான் அதனைக் குறையெனக் கொள்ளேன். எழுத்தறியாதார் பலர் வாழ்ந்த லயன்களில் புதுமெட்டுக்குக் கற்பிப்பார் ஒருவர் வேண்டும். பழகிய மெட்டோ, அன்றிரவே அடுத்த லயனுக்குச் சென்றுவிடும். தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் அங்ஙனமன்றோ பரவின? மெட்டு ஊர்ப்பொது, சொல்லே பாடுவோர்க்கு உரியது.

உண்மைக் குறை வேறு. மெட்டின் பெயரை மட்டும் சுட்டினால், அம்மெட்டை அறியாத பிற்காலத்தார்க்கு அது பயன்படாது. சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) அரிதின் முயன்று தொகுத்த நாட்டார் பாடல்களையும் நாம் சொல்லாகவே படிக்கிறோம். படிக்கும் மாணவர் சந்தத்தை ஒருவாறு ஊகிக்கலாம். இழுப்பையும் குழைவையும் ஊகித்தல் ஒல்லுமோ? கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் அவற்றைப் பாடவல்ல மூதாட்டியர் இன்னும் உளர். ஒலிப்பதிவுக் கருவியும் இன்று மாணவர்தம் கைப்பேசியிலேயே உளது.