இரட்சணிய யாத்திரிகத்தில் ஐயமும் அமைதியும்

ஆய்வுச் சுருக்கம்

எச். ஏ. கிருட்டிணப் பிள்ளையின் (1827–1900) இரட்சணிய யாத்திரிகம், பெரும்பாலும் கம்பன் மரபின் தொடர்ச்சியாகவே மதிப்பிடப்பட்டு வந்துள்ளது. ஆன்மிகக் குழப்பத்தினின்று ஒருவன் உண்மையையும் அமைதியையும் அடையும் முறை குறித்து அக்காப்பியம் முன்வைக்கும் கருத்து போதிய கவனம் பெறவில்லை. மூலநூலோடும் ஆசிரியரின் பிற்கால உரைநடை நூலோடும் ஒப்பிட்டு அக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இரட்சணிய யாத்திரிகம், ஜான் பன்யன், தழுவல், ஐயம், தேவாரம்

முன்னுரை

நெல்லைப் பகுதியின் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்த கிருட்டிணப் பிள்ளை, 1858ஆம் ஆண்டு சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பன்யனின் பில்கிரிம்ஸ் புரோகிரஸ் நூலின் முதற்பகுதியைத் (1678) தழுவிய அவரது காப்பியம், பதின்மூன்று ஆண்டுகள் நற்போதகம் இதழில் தொடராக வெளிவந்து, 1894 மே திங்களில் நூலுருப் பெற்றது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என்னும் ஐந்து பிரிவுகளையும் 3766 பாடல்களையும் கொண்டது. ‘கிறித்தவக் கம்பர்’ என்னும் பட்டம் அவருக்குப் பெருமை சேர்த்தது உண்மையே. எனினும் உவமை, சந்தம், வருணனை ஆகியவற்றில் கம்பனைத் தேடும் வாசிப்பையே அது ஊக்குவித்துவிட்டது.

பயணத்தின் வரிசைமுறை

பன்யனின் கதையமைப்பில் கருதத்தக்க ஒரு வரிசை உண்டு. பயணி சிலுவையைக் காண்கிறான். முதுகுச் சுமை வீழ்கிறது. பின்னர் ‘அமைதி’ எனப் பெயரிய அறையில், கிழக்கு நோக்கிய சாளரத்தருகே உறங்கி எழுகிறான். கதை அங்கு முடிவதில்லை. ஐயக் கோட்டையில் அவநம்பிக்கை என்னும் அரக்கனிடம் அவன் சிறைப்படுவது அதற்கு வெகுநேரம் பின்னரே. நம்பியவனுக்கு ஐயம் எழாது என்னும் எளிய போதனையை இவ்வரிசை மறுக்கிறது. சிறையைத் திறப்பதும் புதிய சான்று அன்று. தொடக்கம் முதல் அவன் மார்பிலேயே இருந்த ‘வாக்குறுதி’ என்னும் திறவுகோலே. ஆகவே ஐயத்தை வெல்வது ஏற்கெனவே பெற்றதை நினைவுகூர்தலாகும்.

மூலத்தில் இல்லாதவை

நினைவுகூர்வதற்கு முன்னர்க் கேட்டதும் பாடியதும் இருத்தல் வேண்டும். தம் மூலநூலை வேதாகமத்தோடு சேர்த்தே வாசிக்கும் ஆங்கில வாசகரைப் பன்யன் எதிர்கொண்டார். ஆதலின் சிலுவையைச் சில வரிகளில் சுட்டுவதே அவருக்குப் போதுமாயிற்று. தமிழ்ச் சூழலில் அது போதாது எனக் கிருட்டிணப் பிள்ளை உணர்ந்தமையை அவரது சேர்க்கைகள் காட்டுகின்றன. குமார பருவத்தின் இரட்சணிய சரித படலம் இயேசுவின் பாடுகளை விரிவாக எடுத்துரைக்கிறது. மூலத்தில் இதற்கு இணையான பகுதி இல்லை. காப்பியத்தின் இடையிடையே தேவாரம் என்னும் பெயரில் இசைப்பாடல்களும் அமைகின்றன.

வைணவராய் வளர்ந்த ஒருவர், சைவத் திருமுறை வழங்கிய பெயரில் கிறித்தவப் பாடல் இயற்றியது வெறும் வடிவத் தேர்வு அன்று. சமயம் மாறிய பின்னும் வழிபாட்டு மொழி மாறவில்லை. பழைய மொழியைத் துறந்து பெறும் அமைதியைவிட, அம்மொழியிலேயே புதிய நம்பிக்கையைப் பாடிப் பெறும் அமைதியையே காப்பியம் நாடுகிறது எனலாம்.

காப்பியமும் நிர்ணயமும்

1898இல் வெளிவந்த இரட்சணிய சமய நிர்ணயம் வேறு வழியில் செல்கிறது. கிறித்தவமே மெய்ச்சமயம் என வாதிட்டு நிறுவ முயல்வது அவ்வுரைநடை நூல். அங்கு உண்மை தீர்ப்பாக வழங்கப்படுகிறது. காப்பியத்திலோ நடந்து அடையப்படுகிறது. ஒரே ஆசிரியரிடம் இவ்விரு குரல்களும் அருகருகே நிலவியமையை மறைத்துவிட்டு, அவரைச் சமரச நோக்கினராக மட்டும் காட்டுதல் பொருந்தாது.

வரலாற்று நிலையிலும் ஒரு முரண் உண்டு. அரசின் ஆதரவு பெற்ற இங்கிலாந்துத் திருச்சபைக்கு வெளியே உரிமமின்றிப் போதித்தமைக்காகப் பெட்போர்டில் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்தவர் பன்யன். கிருட்டிணப் பிள்ளை திருமுழுக்குப் பெற்றதும், சாயர்புரத்திலும் பாளையங்கோட்டையிலும் தமிழ் கற்பித்ததும் அத்திருச்சபை மரபின் நிறுவனங்களிலேயே. ஆகவே மூலத்தில் திருச்சபை அதிகாரத்தை எதிர்த்தவனின் பயணமாக இருந்தது, தழுவலில் பிறந்த சமயத்தையும் உறவையும் விட்டு வெளியேறுபவனின் பயணமாகப் பொருள் மாறுகிறது. தழுவல் ஆய்வுகள் கதைமாந்தர் பெயர்களை ஒப்பிடுவதோடு அமையாது, இப்பொருள்மாற்றத்தையும் கணக்கில் கொள்ளல் வேண்டும்.

முடிவுரை

இவ்வாசிப்பு கடந்த காலத்திற்கு மட்டும் உரியதன்று. அயனம்பாக்கம், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எனத் தொடரும் சென்னையின் மேற்குப் புறநகரில் பழைய திருச்சபைகளும் புதிய செபக்கூடங்களும் அடுத்தடுத்து இயங்குகின்றன. அங்குள்ள கிறித்தவர் ஒருவரின் குழப்பம், எச்சமயம் மெய் என்பதினும், தம் சமயத்திற்குள் எக்குரல் மெய் என்பதாகவே பெரிதும் இருக்கக்கூடும். அவ்வினாவிற்கு இரட்சணிய யாத்திரிகம் நேர்விடை தருவதில்லை. ஐயம் நம்பிக்கையின் தோல்வி அன்று. அமைதி பயணத்தின் முடிவும் அன்று என்பதை மட்டும் அதன் கதைப்போக்கு உணர்த்துகிறது. பாடத்திட்டங்களில் சில செய்யுள்களாகச் சுருங்கிவிட்ட இக்காப்பியத்தை முழுமையாக வாசிக்க இதுவே தக்க காரணமாகும்.