செப்டம்பர் 16-க்கு ஒரு கச்சேரிப் பட்டியல்

நம் சங்கீதத்துக்கு நாள் என்றால் திதிதான். தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரி 6. திருவையாற்றில் அந்தத் தேதியை யார் கேட்கிறார்கள்? புஷ்ய பகுள பஞ்சமி என்றைக்கு வருகிறதோ அன்றைக்குத்தான் காவிரிக் கரையில் பஞ்சரத்தினம். பாடகர்களை ஆங்கிலத் தேதி வைத்து நினைப்பது செய்தித்தாளும் இசைத்தட்டும் பழக்கிவிட்டது. அதிலும் ஒரு லாபம் உண்டு. திதி என்றால் நம்மவர்கள் மட்டும்தான் வருவார்கள். தேதி என்றால் யார் வேண்டுமானாலும் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம்.

செப்டம்பர் 16-இல் அப்படி உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி 1916-இல் மதுரையில் பிறந்தார். கிதார்காரர் பி.பி. கிங் 1925-இல் மிசிசிப்பியின் பருத்திக் காட்டில் பிறந்தார். பல ஊர்களிலிருந்து வந்த இசையமைப்பாளர்களுக்குப் பாடம் சொன்ன நதியா பூலான்ஜே 1887-இல் பாரிஸில் பிறந்தார். அதே பாரிஸில் 1977-இல் ஆபராப் பாடகி மரியா காலாஸ் இறந்தார். ஜோசியம் பார்க்கிறவர்களுக்கு இதில் ஏதாவது அகப்படலாம். எனக்கு வேண்டியது வேறு. இவர்களை ஒரே நாளில் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால், ராகம், பாஷை, தேசம் எல்லாம் பின்னால் போய், காது ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்கிறது: ஸ்வரத்தைத் தொட்டாயிற்று, இனி அதை என்ன செய்யப் போகிறார்கள்? நிறுத்துவார்களா, ஆட்டுவார்களா, ஆட்டினால் எவ்வளவு?

எம்.எஸ். பிறந்தநாளை நாம் கொண்டாடுகிற விதத்தில் எனக்கு மனக்குறை உண்டு. படத்துக்கு ஒரு மாலை, தொலைக்காட்சியில் 'குறை ஒன்றும் இல்லை', பிறகு பக்தி, பணிவு, வைர மூக்குத்தி என்று நாலு வார்த்தை. அந்தக் குரல் என்ன வேலை செய்தது என்ற பேச்சே வராது. 1960-களில் வந்த வெங்கடேச சுப்ரபாதத் தட்டு கோயில் ஒலிபெருக்கியிலும் டீக்கடையிலும் இத்தனை வருஷ விடியல்களில் ஓடியதில், அதைக் கேட்பதையே நாம் விட்டுவிட்டோம். ஒரு நாள் மத்தியானம் மூன்று மணிக்கு, வேறு வேலை இல்லாமல் கேளுங்கள். எம்.எஸ்.ஸும் ராதா விஸ்வநாதனும் சேர்ந்து சொல்கிறார்கள். பல இடங்களில் இரண்டு குரல் என்பதே பிடிபடாது. கமகம் மிகக் குறைவு. சொல்லின் குறில் நெடில்தான் தாளம் போடுகிறது. அலங்காரத்தை இவ்வளவு ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு தட்டு முழுக்க நிற்க வேண்டுமானால் சுருதியில் எள்ளளவும் சந்தேகம் இருக்கக் கூடாது.

அதற்கடுத்து சியாமா சாஸ்திரியின் 'சரோஜதள நேத்ரி'. சங்கராபரணம். இந்த ராகத்தின் காந்தாரம் பெரும்பாலும் ஆடாமல் நிற்கும். தோடியின் காந்தாரமோ ஆடியே ஆக வேண்டும். ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊசலாடாத தோடி, தோடியே இல்லை. கர்நாடக சங்கீதக்காரர் எந்த ஸ்வரத்தை ஆட்ட வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்பதை ராகத்துக்கு ராகம் வேறாகக் கற்றுக்கொள்கிறார். எம்.எஸ்.ஸிடம் எனக்குப் பிடித்தது விட்டுவிடுகிற இடங்கள். தார ஸட்ஜத்துக்குப் போய்க் கார்வை கொடுக்கும்போது தம்பூரா எது, குரல் எது என்று பிரிக்க வராது. மறுகணமே பஞ்சமத்துக்கு வழுக்கி இறங்குகையில் குரல் முழுக்க அசைவாகிவிடும். தாயார் சண்முகவடிவு வீணைக்காரர். மகள் பத்து வயதில் கொடுத்த முதல் இசைத்தட்டில் அவர்தான் வீணை. மெட்டின் மேல் விரல் நிற்கும்போது வரும் நாதம் ஒரு விதம், தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது வருவது இன்னொரு விதம். அந்த இரண்டையும் வீட்டுக்குள்ளேயே கேட்டு வளர்ந்த காது அது.

காலாஸிடம் இந்தச் சுத்தத்தைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். நடு ஸ்தாயியில் தொண்டைக்குள் அடைபட்ட மாதிரி ஒரு ஒலி. மேலே போனால் கூர்மை, சில நாள் கீறல். ஆபராக் குரலுக்கு அசைவு இயல்பாகவே உண்டு. வினாடிக்கு ஐந்தாறு முறை ஸ்வரம் மேலும் கீழும் போய்வரும். அந்த வேகத்தில் அது அசைவாகத் தெரியாது, ஒலியின் பளபளப்பாகத்தான் தெரியும். வேகம் குறைந்து வீச்சு அகன்றால் பளபளப்பு போய் தள்ளாட்டம் வந்துவிடும். காலாஸின் மேல் ஸ்வரங்கள் முப்பத்தைந்து வயதுக்குள்ளேயே தள்ளாடத் தொடங்கிவிட்டன. பெரும்பாலான பாடகிகள் அந்த வயதில்தான் நடுப்பகலுக்கு வருவார்கள்.

இதைக் காதால் அளக்க ஒரு வசதி இருக்கிறது. பெல்லினியின் 'நோர்மா' ஆபராவை அவர் மிலானில் இரண்டு முறை முழுதாகப் பதிவு செய்தார், 1954-இலும் 1960-இலும். இரண்டுக்கும் நடத்துநர் துல்லியோ செராஃபின். கதாநாயகி பூசாரிணி. நிலவைப் பார்த்து அவள் பாடும் 'காஸ்டா திவா'வை மட்டும் எடுத்துக்கொள்வோம். மெட்டு அவசரமே இல்லாமல் வளைந்து வளைந்து ஏறும். உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டி, அழுத்தம் கூட்டி, ஒரு படி மேலே தாவி, பிறகு அலையலையாக இறங்கும். 1954-இல் அந்தத் தாவல் ஒரு விஷயமே இல்லை. குரலில் இன்னும் நாலு படி மிச்சம் இருப்பது தெரிகிறது. 1960-இல் உச்சி ஸ்வரம் ஆடுகிறது, ஒளிக்க முடியவில்லை. ஆனால் இறங்கும் இடத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நிறம். ஒரு சொல்லை முடிக்கும் விதத்திலேயே இந்தப் பூசாரிணிக்கு ஊருக்குச் சொல்ல முடியாத ஒரு ரகசியம் இருக்கிறது என்பது வந்துவிடுகிறது. முதல்முறை காலாஸ் கேட்க விரும்புகிறவர்களுக்கு 1954 தட்டைச் சிபாரிசு செய்வேன். தனியாக இருக்கும்போது நான் போடுவது 1960.

நம் விமரிசகர்கள் இதை ஒப்புவார்களா தெரியாது. சுருதி விலகினால் மீதி எல்லாம் பாழ் என்பது நம் வளர்ப்பு. எனக்கும் அதே வளர்ப்புதான். ஆனாலும் எம்.எஸ்.ஸைக் கேட்ட அதே மத்தியானத்தில் காலாஸ் எடுபடுகிறார். தள்ளாட்டத்தைச் சலுகையாக மன்னிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த ஸ்வரம் எங்கே போக ஆசைப்பட்டது என்பது துல்லியமாகக் கேட்கிறது, போய்ச் சேரவில்லை என்பதும் கேட்கிறது. நோர்மாவின் கதையே அதுதானே.

தேதிக்கணக்கு பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1957 செப்டம்பர் 12 முதல் 19 வரை, அதாவது இந்தத் தேதியை நடுவில் வைத்து, காலாஸ் மிலானின் லா ஸ்காலாவில் கெருபினியின் 'மெதேயா'வைப் பதிவு செய்தார். அதற்குச் சில நாள் முன்புதான் எடின்பரோ விழாவில் ஐந்தாவது நிகழ்ச்சிக்கு நிற்காமல் கிளம்பிவிட்டார் என்று பத்திரிகைகள் கிழித்திருந்தன. அன்றைக்கு அவர் இடத்தில் பாடப் போனவர் இளம் ரெனாட்டா ஸ்காட்டோ. மிலான் பதிவில் மெதேயாவின் போட்டிக்காரி கிளாவுசே யார் என்றால், அதே ஸ்காட்டோ. நாடகத்துக்குள் ஒரு நாடகம். சக்களத்திச் சண்டைப் படங்களாக எடுத்துத் தள்ளிய நம் சினிமாக்காரர்கள் இந்தக் கதையைப் பார்க்காமல் விட்டார்களே என்று தோன்றும். எடின்பரோ மேடையில் 1963-இல் எம்.எஸ்.ஸும் பாடியிருக்கிறார் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். அவரைப் பற்றிக் கிழிக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

காலாஸ் இறந்த 1977 செப்டம்பர் 16 வெள்ளிக்கிழமை. அவருக்கு வயது 53. அன்றைக்கு அதே நகரத்தில் வாழ்ந்த நதியா பூலான்ஜேவுக்கு 90 நிறைந்தது. காலாஸின் வீடு ஜார்ஜ் மாண்டல் அவென்யூவில் 36-ஆம் எண், பூலான்ஜேவின் வீடு பாலூ தெருவில், அதுவும் 36. இதோடு முடியவில்லை. பூலான்ஜேவின் அப்பா எர்னஸ்ட் இசையமைப்பாளர். 1815-இல் அவர் பிறந்ததும் செப்டம்பர் 16 தான். 72-ஆவது பிறந்தநாளில் மகள் பிறந்தாள். எண்களுக்கு மேல் இதில் ஒன்றும் இல்லை, இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பூலான்ஜேவை ஆசிரியராகத்தான் உலகம் அறியும். கோப்லண்ட், பியாசோலா, குவின்சி ஜோன்ஸ், பிலிப் கிளாஸ் எல்லாரும் அந்த வீட்டுப் படியேறியவர்கள். பியாசோலா கொண்டுபோன கனமான சிம்பொனிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அவர் மறைத்துவைத்திருந்த டாங்கோவை வாசிக்கச் சொல்லி, நீ இருப்பது இதில்தான் என்று அவர் காட்டிய கதையைப் பியாசோலாவே சொல்லியிருக்கிறார். எனக்கு அதைவிட நெருக்கமானது 1937-இல் அவர் நடத்திப் பதிவு செய்த மாண்டெவெர்டி தட்டுகள். 17-ஆம் நூற்றாண்டு இசைக்குப் பக்கவாத்தியமாகப் பியானோவை வைத்திருக்கிறார். பழைய வாத்தியங்களில் மட்டுமே வாசிக்கும் இன்றைய பண்டிதர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். 'செஃபிரோ தொர்னா'வில் ஹ்யூக் க்யூனோவும் பால் தெரேனும் இரண்டு டெனார் குரல்களாகத் துரத்திப் பிடித்து விளையாடுவதைக் கேட்டால் பியானோ மறந்துபோகும். அந்தக் காலத்து ஆபராக் குரலின் கனத்த அதிர்வை ஒதுக்கி, ஸ்வரத்தை மெலிதாக, நேராக வைக்கிறார்கள். நேராக வைத்திருப்பதால்தான், துக்கமான வரியில் இரண்டு குரலும் உரசும் இடம் சுரீர் என்கிறது. க்யூனோ குரலை அப்படிச் சிக்கனமாகச் செலவழித்தவர். 84 வயதில் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆபராவில் முதல்முறையாகப் பாடினார், 108 வரை இருந்தார்.

பி.பி. கிங் விஷயத்துக்கு வருவோம். அம்மாவின் உறவினரான புக்கா ஒயிட், தந்தியின் மேல் உலோகத்தை வழுக்கவிட்டு கிதாரை அழவைப்பார். கிங்குக்கு அது கைவரவில்லை. அந்த ஒலி மட்டும் காதில் நின்றுவிட்டது. வெறும் விரலாலேயே அதைக் கொண்டுவர முயன்று, கட்டை விரலைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு, ஆள்காட்டி விரல் நுனியில் மட்டும் தந்தியை அழுத்தி, மணிக்கட்டைப் படபடவென்று ஆட்டக் கற்றார். மற்ற விரல்கள் காற்றில் விரிந்து நிற்கும். பழைய படக்காட்சிகளில் அந்தக் கையைப் பாருங்கள், பட்டாம்பூச்சி உட்கார்ந்து சிறகடிப்பது போலவே இருக்கும். அதற்கு முன் தந்தியைப் பக்கவாட்டில் தள்ளி ஸ்வரத்தை ஏற்றிக்கொள்வார். வீணைக்காரர் மெட்டில் தந்தியை இழுப்பதும் இதுவும் ஒரே வித்தை. சண்முகவடிவு பார்த்திருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பார்.

தனக்கு கார்டு வாசிக்கவே வராது என்று கிங் வெளிப்படையாகச் சொல்வார். பாடும்போது கிதார் வாசிக்க மாட்டார், வாசிக்கும்போது பாட மாட்டார். ஒரு வரி குரல், அதற்குப் பதிலாக ஒரு வரி 'லூசில்' (எல்லாக் கிதாருக்கும் அதே பெயர்). 1964 நவம்பர் 21 அன்று சிகாகோவின் ரீகல் அரங்கில் பதிவான கச்சேரியில் இதைக் கேட்கலாம். கூட்டம் அவர் பாட்டுக்குக் கூச்சலிடுவது சகஜம்தான். ஒற்றை ஸ்வரத்தை அவர் ஏற்றி, நிறுத்தி, ஆட்டும்போது எழும் கூச்சல் வேறு ரகம். நம் சபாக்களில் நல்ல கார்வைக்கு 'ஆஹா' என்று முனகுகிறோமே, அதைப் பத்து மடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள். வேகமாக வாசிப்பதற்கு அந்தக் கூட்டம் அசரவில்லை.

இந்தத் தேதியில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். காலாஸ் இறந்த அதே வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன் லண்டனில் டி. ரெக்ஸ் குழுவின் மார்க் போலன் கார் விபத்தில் இறந்தார். முப்பது வயதுக்கு இரண்டு வாரம் பாக்கி. அவருடைய ஆரம்பகாலப் பாட்டுகளில் குரல் வேண்டுமென்றே நடுங்கும். சிலருக்கு அதுதான் அழகு, எனக்கு மூன்று பாட்டுக்கு மேல் தாங்காது. 1921-இல் பிறந்த ஜான் ஹெண்ட்ரிக்ஸ், சாக்ஸபோன்காரர்கள் மனோதர்மமாக வாசித்ததற்கு ஸ்வரத்துக்கு ஸ்வரம் சொல் எழுதிப் பாடியவர். ஸ்வரஜதிக்குச் சாகித்யம் வைத்த சியாமா சாஸ்திரிக்கு அந்த வேலையின் சிரமம் தெரியும். சிலியின் பாடகர் விக்டர் ஹாராவை ராணுவப் புரட்சிக்கு ஐந்தாம் நாள், 1973 செப்டம்பர் 16-இல், கொன்றார்கள். உடலில் 40-க்கும் மேற்பட்ட குண்டுகள். சாண்டியாகோவில் அவரை அடைத்துவைத்த அரங்குக்கு இன்று அவர் பெயர். அவர் தட்டும் அன்றைக்குச் சுழலும். ஆனால் அசைவு, கார்வை என்றெல்லாம் அவரைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

சார்லி பெர்டை விட்டுவிடக் கூடாது. கிங் பிறந்த அதே 1925, அதே செப்டம்பர் 16, வர்ஜீனியாவில். இவரும் கிதார்தான். செகோவியாவிடம் பாடம் கேட்டவர், நைலான் தந்தி, வெறும் விரல். 1962 பிப்ரவரி 13 அன்று வாஷிங்டனில் ஒரு தேவாலயத்தின் கூடத்தில் ஸ்டான் கெட்ஸோடு பதிவு செய்த 'ஜாஸ் சம்பா' தட்டால்தான் அமெரிக்காவுக்கு போசா நோவா பித்துப் பிடித்தது. மின்பெருக்கி இல்லாத நைலான் தந்தியில் நாதம் பிறந்த உடனே தேயத் தொடங்கிவிடும். பிடித்து ஆட்டிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. எனவே பெர்ட் நிற்பதில்லை, அடுத்த ஸ்வரம், அடுத்த கார்டு என்று போய்க்கொண்டே இருக்கிறார். நீண்ட மூச்சுக்கெல்லாம் கெட்ஸின் சாக்ஸபோன் பொறுப்பு. கிங்கை முதலில் போட்டுவிட்டால் இந்த மென்மை காதில் ஏறாது. அதனால் என் பட்டியலில் வர்ணத்தின் இடம் பெர்டுக்கு. அடுத்து மாண்டெவெர்டி, பிறகு நோர்மா. 'சரோஜதள நேத்ரி' நடுநாயகமாக. ரீகல் அரங்குக் கச்சேரி கடைசியில், துக்கடாவாக. பக்கத்து வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்தால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே வைக்கலாம்.