நூலும் சேலையும்

“எல்லாம் ஜீன்தாம்மா. அம்மாவுக்கும் இதே உடம்புவாகுதானே? சோத்தைக் குறைங்க, வாக்கிங் போங்க.”

விருதுநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் சர்க்கரை அளவைப் பார்த்த மருத்துவர் ஒரே மூச்சில் சொன்னது இது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் உறைத்தது. முதல் பாதியில் என் உடம்பு விதி, இரண்டாம் பாதியில் என் குற்றம். நடுவில் ஆஸ்பத்திரிக்கே வராத அம்மா சாட்சிக்கூண்டில் நின்றுகொண்டிருந்தாள். மரபணுவில் பாதி அப்பாவிடமிருந்து வருகிறது. அப்பாவின் உடம்பைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

எங்கள் பக்கத்தில் இதையே “தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை” என்று முடித்துவிடுவார்கள். பெண் பார்க்க வரும் அத்தைமார் முதலில் பார்ப்பது பெண்ணை அல்ல, பெண்ணின் அம்மாவுடைய இடுப்பை. தமிழில் இந்தத் துறைக்கு ‘மரபியல்’ என்று பெயர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயலுக்கும் அதுவே பெயர். எந்த உயிரின் குட்டிக்கு எந்தப் பெயர், ஆணுக்கு எது, பெண்ணுக்கு எது, அந்தணருக்கும் அரசருக்கும் வணிகருக்கும் வேளாளருக்கும் உரியது எது என்று வரிசைப்படுத்தும் இயல் அது. வகுப்பில் அதை நடத்தும்போதெல்லாம், புதிய மரபியலையும் நாம் பழைய மரபியலாகவே வாசிக்கிறோமோ என்று தோன்றும். இன்னாருக்கு இன்னது என்று எழுதியாயிற்று, இனி மாறாது என்கிற வாசிப்பு. ஆய்வுகளைத் தேடிப் படித்தபோது அவை அப்படிச் சொல்லவில்லை.

ஒன்றை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஆய்வுகள் பெண்களுக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கின்றன. 1997இல் பிரிட்டனில், பாகிஸ்தான் பூர்வீகக் குடும்பம் ஒன்றில் சொந்தக்காரக் குழந்தைகள் இருவரைப் பரிசோதித்தார்கள். எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. பசி அடங்கியதை மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற சுரப்பு அவர்கள் உடலில் இல்லை. தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் பழுதான பிரதியே வந்திருந்தது. தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கட்டும் நாம் கவனிக்க வேண்டிய இடம் அது. லெப்டின் ஊசி போடத் தொடங்கியதும் ஒரே ஆண்டில் அந்தச் சிறுமியின் எடை 16 கிலோவுக்கு மேல் குறைந்தது. “தின்னிப் பண்டாரம்” என்று பெண்பிள்ளைகளைத் திட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் இந்தச் செய்தி போக வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இருந்தது பேராசை அல்ல, அணையாத பசி.

ஆனால் அது மிக அபூர்வம். நம்மில் பெரும்பாலோரின் எடையில் நூற்றுக்கணக்கான மரபணு வேறுபாடுகள் துளித்துளியாகப் பங்கெடுக்கின்றன. அவற்றில் பேர்போனது எஃப்.டி.ஓ. என்ற மரபணுவில் உள்ளது, 2007இல் கண்டறியப்பட்டது. அந்த வேறுபாட்டின் இரண்டு பிரதிகளும் உள்ள ஐரோப்பியர்கள், ஒன்றும் இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல். மூன்றே கிலோ! மருத்துவர் அம்மாவின் கணக்கில் எழுதியது இருபது.

நம் பக்கத்து ஆய்வும் உண்டு. சென்னையில் 2001இல் தொடங்கிய ‘க்யூர்ஸ்’ ஆய்வின் தரவுகளை வைத்து, மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 2016இல் வந்தது. எஃப்.டி.ஓ. வேறுபாடு எல்லாரையும் ஒரே மாதிரி பருமனாக்கவில்லை. மாவுச்சத்தை மிக அதிகமாக உண்பவர்களிடமும், உடலியக்கம் குறைந்தவர்களிடமும்தான் அதன் கை ஓங்கியிருந்தது. அதாவது அது தனியாக வேலை செய்வதில்லை. தட்டில் என்ன இருக்கிறது, நாள் முழுக்க உடம்பு என்ன செய்கிறது என்று பார்த்தே செய்கிறது.

எனக்கு மதிப்புள்ள கட்டுரை அது. ஆனாலும் ‘உடலியக்கம் குறைந்தவர்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அம்மா சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவள். பிறகு பட்டாசில் சரம் பின்னினாள். விடிகாலையில் உலை வைத்து, ஏழு மணி வண்டியைப் பிடித்து, சாயங்காலம்வரை சம்மணம் போட்டபடி விரல்கள் மட்டும் ஓடும் வேலை. எண்ணிக்கைக் கூலி; எழுந்தால் காசு போச்சு. கக்கூஸுக்குப் போக வேண்டியிருக்கும் என்று தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். மத்தியானம் தூக்குவாளிச் சோறும் வத்தக்குழம்பும். பருப்பு இருந்தால் அது எங்களுக்கு. இந்த உழைப்பை அறிவியல் எந்தக் கட்டத்தில் நிரப்பும்? கலோரிக் கணக்கில் சோம்பேறி, முதுகெலும்பின் கணக்கில் பாட்டாளி. “வாக்கிங் போங்க” என்ற அறிவுரையை அவளிடம் சொல்லிப் பார்க்கட்டும். எந்த ரோட்டில், எத்தனை மணிக்கு, எந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு?

அம்மாச்சி கரிசல் காட்டில் பருத்தி எடுத்தவள், கடைசிவரை குச்சி. அம்மா ஆபீஸில் உட்கார்ந்த பிறகு கனத்தாள். நான் நாற்காலிக்காரி. அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் ஆய்வின் தரவுகளை வைத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. 1942க்கு முன் பிறந்தவர்களிடம் எஃப்.டி.ஓ. வேறுபாட்டுக்கும் எடைக்கும் தொடர்பே தெரியவில்லை, பின்னால் பிறந்தவர்களிடம் நன்றாகத் தெரிந்தது. எங்கள் வீட்டு மூன்று பெண்களை வரிசையாக நிற்க வைத்தது போலிருந்தது. ஒரே நூல், மூன்று தறி.

இன்னொரு தரப்பும் உண்டு. புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக் 2004இல் தன்னையும் ஜான் யட்கின் என்ற ஆங்கிலேய மருத்துவரையும் சேர்த்து வெளியிட்ட படம் பிரபலம். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல்கொழுப்போ ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. (உதாரணம் காட்டவும் இரண்டு ஆண்கள்தான். 1972இல் அந்த அளவுகோலுக்குப் பெயர் சூட்டிய ஆன்செல் கீஸின் ஆய்விலும் ஆண்கள் மட்டுமே.) புனே கிராமக் குழந்தைகள் சராசரி 2.7 கிலோவில் பிறந்தாலும் தசையை இழந்து கொழுப்பைக் காத்துக்கொண்டு பிறக்கின்றன என்று யாஜ்னிக் குழு காட்டியது. விளக்கம் கர்ப்பத்தில் தாய்க்குக் கிடைத்த சத்துக்குப் போகிறது. முக்கியமான கண்டுபிடிப்பு. ஆனால் ஊருக்குள் வந்து சேரும்போது மறுபடியும் “அம்மாதான் காரணம்” என்றாகிவிடுகிறது. அந்த அம்மாவைக் கடைசியில் சாப்பிட வைத்த வீடு கேள்விக்கு வருவதில்லை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை, 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டும் ஒரே பெண்ணிடம் இருக்கலாம். அம்மாவிடம் இருந்தது.

போன மாதம் என் மாணவி ஒருத்தி வாழ்க்கைமுறைக் கேள்வித்தாளோடு வீட்டுக்கு வந்தாள். கல்யாணப் பேச்சு தொடங்கியதிலிருந்து காலையில் சாப்பிடுவதை விட்டுவிட்ட பிள்ளை. அம்மா முதலில் அவளுக்கு ரெண்டு இட்லி வைத்தாள்.

“வேலைக்குப் போன காலத்துல ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உக்காந்திருப்பீங்க பாட்டி?”

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எங்க தாயி உக்காந்தேன்? வேலையில்ல பாத்தேன்.”

மாணவி என்னைப் பார்த்தாள். அந்தக் கட்டத்தை நிரப்பாமலே அடுத்த கேள்விக்குப் போனாள்.